குத்தூசி விழும் இடம்

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக டி.கல்லுப்பட்டி போய், அங்கே மேற்கே திரும்பினால் பேரையூர். (புதுக்கோட்டைப் பக்கத்துப் பேரையூர் வேறு. விலாசத்தில் தாலுகாவை எழுதாமல் விட்டால் கடிதம் அங்கே போய்ச் சேர வாய்ப்புண்டு.) மழையை நம்பிக் கிடக்கும் கரிசல் பூமி. பருத்தி போடுவார்கள், மக்காச்சோளம் போடுவார்கள், வானத்தைப் பார்ப்பார்கள். சாப்டூருக்குப் பின்னால் சதுரகிரி மலை நிற்கும். இந்த அத்தியாயத்தில் வரும் கணக்குகளைப் போட்டவர்களில் பலர் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். ஆனால் கணக்கின் முதல் வரியை நான் பார்த்தது இந்தப் பக்கத்துக் கமிஷன் கடை ஒன்றின் திண்ணையில், ஒரு குத்தூசியின் முனையில்.

குத்தூசியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட நீளம், கூரான நுனி, நடுவில் ஓடும் பள்ளம், பிடிக்க வாகாக ஒரு முனை. சாக்கில் குத்தி உருவினால் பள்ளத்தின் வழியே தானியம் உள்ளங்கையில் வழியும். குத்திய இடத்தை விரலால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் சணல் இழைகள் கூடிக்கொள்ளும், தடம் தெரியாது. எங்கள் பெரியப்பா அந்தக் கடையில் சரக்குப் பார்க்கிறவர். நூறு மூடை வந்தால் நூறையும் அவிழ்த்துக் கொட்ட முடியாது. ஏழெட்டில் குத்துவார். ஒரு மக்காச்சோள மணியைக் கடைவாயில் வைத்துக் கடித்து, ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். பின்னால் ஈரப்பத மீட்டர் வந்த பிறகும் கடிப்பதை அவர் விடவில்லை.

ஒரு நாள் ஊர் ஊராகச் சரக்கு எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர் வண்டியோடு வந்தார். மூடைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பெரியப்பா மனம் போனபடி குத்தினார். குத்திய மூடையெல்லாம் மணி மணியாக, காய்ந்த சரக்கு. ராத்திரி லாரிக்கு ஏற்றும்போது குத்துப்படாத மூடை ஒன்று தையல் விட்டுக் கொட்டியது. ஈரம், அதன் மேல் பூசணம். இன்னும் நான்கைந்தைப் பிரித்தால் அவையும் அப்படியே.

"அண்ணே, ஒங்க கை எங்க போகும்னு ஒங்களவிட அவருக்கு நல்லாத் தெரியும்" என்றார் சுமை தூக்குகிறவர். "நீங்க குத்துறதப் பாத்துக்கிட்டே நின்டாரு. பாத்துட்டுத்தான் அடுத்த மூடை எதுன்னு கை காட்டுனாரு."

பெரியப்பாவின் கை எங்கே போகும் என்பது காலையில் அந்த வியாபாரிக்குத் தெரியாது. பெரியப்பாவுக்கே தெரியாது. ஆனால் ஒவ்வொரு குத்தும் அவருக்கு ஒரு துப்புக் கொடுத்தது. இரண்டு நல்ல மூடை குத்துப்பட்டால் அடுத்து நாலைந்தை விட்டுவிடுவார், வண்டியின் ஓரத்து மூடையைவிட நடு மூடையில் கை போகும் என்பதுபோல. சாயங்காலத்துக்குள் அவர் பெரியப்பாவைப் படித்து முடித்துவிட்டார்.

கணினி அறிவியலில் இந்த வியாபாரிக்கு ஒரு பெயர் உண்டு. பதிலைப் பார்த்து ஆடும் எதிராளி. 2020-க்கு முந்தைய தரவோடை ஆராய்ச்சியில் பெரும்பகுதி இவரைக் கண்டுகொள்ளவே இல்லை.

தரவோடை என்பது ஒரு தடவை மட்டும் கண்முன் ஓடி மறையும் தகவல். கப்பலூர் சுங்கச்சாவடியைத் தாண்டும் வண்டிகள், ஒரு செல்போன் கோபுரத்தைத் தொடும் அழைப்புகள், இணையத்தின் ஒரு ரவுட்டர் வழியே பறக்கும் பொட்டலங்கள். எல்லாவற்றையும் எழுதி வைக்க இடம் கிடையாது, திரும்பப் பார்க்க நேரம் கிடையாது. கையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு. அதை வைத்துக்கொண்டு "இதுவரை எத்தனை வேறு வேறு வண்டி?" "யார் அதிகம் வந்தது?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

ராபர்ட் மாரிஸ் 1978-இல் பெல் ஆய்வகத்தில், சிறிய நினைவகத்தில் பெரிய எண்ணிக்கையைத் தோராயமாக வைத்துக்கொள்ளும் உபாயத்தை வெளியிட்டார். பிறகு பலர் வந்தார்கள். 1996-இல் நோகா அலோன், யோசி மட்டியாஸ், மரியோ செகெடி மூவரும் எழுதிய கட்டுரைதான் இதை ஒரு துறையாக்கியது. 2005-இல் அதற்குக் கோடெல் பரிசு கிடைத்தது. அதே 2005-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் எஸ். முத்துகிருஷ்ணன் எழுதிய தரவோடை நூல், இந்தத் துறைக்குள் நுழைந்தவர்களில் பலருக்கு முதல் வாசல். அது ஒரு புதிரோடு தொடங்கும். 1 முதல் 100 வரையுள்ள எண்களில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றை ஒருவர் தாறுமாறாக வாசிக்கிறார். விடுபட்டது எது? எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டாம். கூட்டிக்கொண்டே வந்து, கடைசியில் 5050-இலிருந்து கழித்தால் போதும்.

இதுபோன்ற சுருக்கச் சீட்டுக்கு இந்தத் துறையில் ஸ்கெட்ச் என்று பெயர். நம் ஊரில் 'ஸ்கெட்ச் போடுவது' என்றால் ஒருத்தரைக் கவிழ்க்கத் திட்டம் போடுவது. இந்த அத்தியாயத்தில் இரண்டும் வருகின்றன. ஒருவர் ஸ்கெட்சை வைத்து எண்ணுகிறார், இன்னொருவர் அந்த ஸ்கெட்சுக்கே ஸ்கெட்ச் போடுகிறார்.

ஆடி அமாவாசைக்குச் சாப்டூர் வாழைத்தோப்புப் பாதையில் மலையேறுகிறவர்களை எண்ண வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையை எண்ணுவது சுலபம். ஆனால் சுமைக்காரர் ஒரே நாளில் இரண்டு தடவை ஏறி இறங்குவார். அவரை ஒரு தடவைதான் எண்ண வேண்டும். எல்லோருடைய பெயரையும் எழுதி ஒப்பிட்டால் நோட்டுப் புத்தகம் கொள்ளாது. ஃபிலிப் ஃப்ளஜோலே, நைஜல் மார்ட்டின் இருவரும் 1980-களில் தொடங்கிவைத்த வழி விசித்திரமானது. ஏறுகிற ஒவ்வொருவரையும் பூ விழும்வரை நாணயம் சுண்டச் சொல்லுங்கள். தொடர்ந்து எத்தனை தலை விழுந்தது என்று பாருங்கள். அதுவரை பார்த்ததில் மிகப் பெரிய எண்ணை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். ஆயிரம் பேர் சுண்டினால் அவர்களில் யாரோ ஒருவருக்குச் சுமார் பத்துத் தலை தொடர்ந்து விழுந்திருக்கும், ஏனென்றால் இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1024. ஆகவே பத்து என்று சீட்டில் இருந்தால் கூட்டம் ஆயிரம் பக்கம்.

சுமைக்காரர் இரண்டாம் முறை வந்து சுண்டினால் வேறு எண் விழாதா? விழக் கூடாது. அதனால் நிஜ நாணயத்துக்குப் பதில் அவர் பெயரையே ஒரு கலக்கிச் சூத்திரத்தில் போட்டு, அதில் வருவதை நாணயச் சுண்டலாக வைத்துக்கொள்கிறோம். ஒரே பெயருக்கு எப்போதும் ஒரே சுண்டல். இந்தச் சூத்திரத்துக்கு ஹாஷ் என்று பெயர்.

ஒரே ஓர் அதிர்ஷ்டக்காரர் கணக்கைக் கெடுத்துவிடுவார் என்பதால், கூட்டத்தைப் பல வரிசையாகப் பிரித்துச் சராசரி எடுப்பார்கள். 2007-இல் வந்த ஹைப்பர்லாக்லாக் என்ற வடிவம் அப்படிப்பட்டது. ரெடிஸ் என்ற பிரபலமான தரவுக் கிடங்கு மென்பொருளில் இதற்கு 16,384 வரிசைகள், மொத்தம் 12 கிலோபைட் இடம், பிழை சராசரியாக 0.81 சதவீதம். 12 கிலோபைட்டில் கோடிக்கணக்கானவர்களை எண்ணிவிடலாம். அங்கே இந்தக் கட்டளைகளெல்லாம் 'பிஎஃப்' என்று தொடங்கும். நமக்கு வருங்கால வைப்பு நிதிதான் ஞாபகம் வரும், ஆனால் அது ஃபிலிப் ஃப்ளஜோலேயின் முதலெழுத்துகள். 2011-இல் இறந்த ஒரு கணிதக்காரருக்கு மென்பொருள்காரர்கள் செய்த மரியாதை.

இப்போது வியாபாரியை உள்ளே விடுவோம். ரெடிஸ் பயன்படுத்திய ஹாஷ் சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்த, மாறாத ஒன்று. உங்கள் வீட்டுக் கணினியிலேயே அதே ரெடிஸை ஓட்டி, எந்தப் பெயருக்கு எத்தனை தலை விழும் என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம். தலையே விழாத பெயர்களாகப் பொறுக்கி அனுப்பினால், லட்சம் பேர் வந்தாலும் கருவி மிகக் குறைவாகத்தான் சொல்லும். நீண்ட தலை வரிசை உள்ள பெயர்களாக, 16,384 வரிசைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று பொறுக்கினால், பதினாறாயிரம் பேர் கூட்டம் கோடியாகத் தெரியும். கென்னத் பேட்டர்சன், மத்தில்ட் ரேனல் இருவரும் 2021-இல் இந்த வகைத் தாக்குதல்களை விரிவாக எழுதினார்கள். இதனால் யாருக்கு என்ன லாபம்? ஒரு சர்வரை ஆயிரக்கணக்கான இடங்களிலிருந்து தாக்குகிறவர் 'வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்' என்று காவல் கருவி நினைக்க வேண்டும் என்பார். தன் காணொளிக்குக் கூட்டம் காட்ட நினைப்பவர் நேரெதிர்.

சூத்திரத்தை ஒளித்து வைத்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். 2003-இலேயே ஸ்காட் க்ராஸ்பி, டான் வாலக் இருவரும், ஹாஷ் தெரிந்தவர் ஒரு சர்வரைத் திணறடிக்கலாம் என்று காட்டியிருந்தார்கள். பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2011 டிசம்பரில் பெர்லின் ஹேக்கர் மாநாட்டில் பிஎச்பி, ஜாவா, பைதான் என்று வரிசையாகப் பல மொழிகளை அதே வித்தையால் முடக்கிக் காட்டிய பிறகுதான் எல்லோரும் விழித்தார்கள். மறு வருடமே இரகசியச் சாவி போட்ட சிப்ஹாஷ் வந்தது. பூட்டுப் போட்டாயிற்று என்று நிம்மதியானார்கள்.

ஆனால் பெரியப்பாவின் மனமும் பூட்டித்தான் இருந்தது.

பூட்டிய இரகசியம் பதில் வழியாக எப்படிக் கசிகிறது என்பதை ஒரு தராசை வைத்துக் கிட்டத்தில் பார்க்கலாம். 1996 கட்டுரையின் மையத்தில் இருப்பதும் ஒரு தராசுதான் என்று சொல்லலாம். கேள்வி இது: மண்டிக்கு வந்த மூடைகள் பல பேரிடமிருந்து பரவலாக வந்தவையா, ஒரே கையிலிருந்து குவிந்தவையா? இதை அளக்க, ஒவ்வொருவர் மூடை எண்ணிக்கையையும் வர்க்கப்படுத்திக் கூட்டுவார்கள். நூறு பேர் ஆளுக்கு ஒரு மூடை என்றால் 100. ஒரே ஆள் நூறு மூடை என்றால் 10,000. ஒருவர் ஆதிக்கம் செலுத்தினால் இந்த எண் எகிறிவிடும்.

ஆள் ஆளுக்குக் கணக்கு வைக்காமல் இதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தராசை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் இரகசியமாக ஒரு நாணயம் சுண்டி, அவர் மூடையெல்லாம் இடத் தட்டா வலத் தட்டா என்று முடிவு செய்துவிடுங்கள். மூடை வர வர அந்தந்தத் தட்டில் போடுங்கள். ஞாபகத்தில் வைக்க வேண்டியது இரண்டு தட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான். பதில் கேட்டால் வித்தியாசத்தை வர்க்கப்படுத்திச் சொல்லுங்கள்.

கந்தன் 3 மூடை, வேலன் 4 மூடை. உண்மையான விடை 9-உம் 16-உம் சேர்ந்து 25. இருவரும் ஒரே தட்டில் விழுந்தால் வித்தியாசம் 7, வர்க்கம் 49. எதிரெதிர்த் தட்டில் விழுந்தால் வித்தியாசம் 1, வர்க்கம் 1. இரண்டுக்கும் சம வாய்ப்பு. 49-உம் 1-உம் கூட்டிப் பாதியாக்கினால் 25! எத்தனை பெயர் வந்தாலும் இந்தச் சராசரி பிசகாது. நிறையத் தராசுகளை வைத்துச் சராசரி எடுத்தால் விடை உண்மையை நெருங்கிவிடும். இதை முதன்முதலில் படித்த அன்று ஒரு காகிதத்தில் நானே போட்டுப் பார்த்து, சரியாக வந்ததும் டீக்கடைக்குப் போய்விட்டேன். அதற்கு மேல் அன்றைக்கு எதையும் படிக்கத் தோன்றவில்லை.

இதே தராசின் முன்னால் அந்த வியாபாரி உட்கார்ந்திருக்கிறார். தட்டுகள் திரைக்குப் பின்னால். வர்க்கம் மட்டும் பலகையில் தெரியும். கந்தன் பேரில் ஒரு மூடை போடுகிறார். பலகை: 1. வேலன் பேரில் ஒன்று. பலகை 4 என்றால் இருவரும் ஒரே தட்டு, 0 என்றால் எதிர்த் தட்டு. இரகசிய நாணயம் ஒரே மூடையில் வெளியே வந்துவிட்டது. 4 வந்தாலும் கவலையில்லை, மூன்றாவதாக மாரி பேரில் ஒன்று போடுவார். 9 வந்தால் அதே தட்டு, 1 வந்தால் எதிர்த் தட்டு. எதிரெதிரான ஒரு ஜோடி கிடைத்ததும் இரண்டு பேரிலும் ஆயிரம் ஆயிரம் மூடை கொட்டுவார். உண்மையான எண் 20 லட்சத்தைத் தாண்டியிருக்கும். பலகை அசையாமல் 0 என்றோ 1 என்றோ காட்டிக்கொண்டிருக்கும்.

பல தராசு வைத்துச் சராசரி எடுத்தாலும் தப்ப முடியாது. புதுப் பெயரில் போட்ட சரக்குக்குப் பலகை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக ஏறினால் அந்தப் பெயரை வைத்துக்கொள்வது, கூட ஏறினால் விட்டுவிடுவது என்று பொறுக்கிக்கொண்டே போனால் போதும். ஓம்ரி பென்-எலியேசர், ராஜேஷ் ஜெயராம், டேவிட் வுட்ரஃப், ஏலோன் யோகேவ் நால்வரும் 2020-இல் இதை நிரூபித்தார்கள். தராசுகளின் எண்ணிக்கைக்கு நேர் விகிதத்தில் சரக்குப் போட்டாலே கணக்கைக் கவிழ்த்துவிடலாம். இத்தனைக்கும் இந்த எதிராளி கணினிப் புலியாக இருக்க வேண்டியதில்லை, கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

1996 கட்டுரையில் தப்பு ஏதாவது உண்டா? கிடையாது. சரக்கு முழுவதும் முன்பே தீர்மானமாகிவிட்டது, அதற்குப் பிறகுதான் நாணயம் சுண்டப்படுகிறது என்று வைத்துக்கொண்டால் அந்தக் கட்டுரை சொல்வது அத்தனையும் சரி. இந்த வரிசைமுறைதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம், இது நமக்குப் புதிதும் இல்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறையை விவரிக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகள் எல்லாம் குடத்துக்குள் போன பிறகு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எடுத்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காக என்றுதான் நான் நினைக்கிறேன். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இவ்வளவு சந்தேகப்பட்டவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். இன்றும் அதே ஒழுங்குதான். 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து வாக்குச் சாவடிகளின் விவிபாட் சீட்டுகளை எண்ணிச் சரிபார்க்கச் சொன்னது. அந்த ஐந்தும் எவை என்பதைக் குலுக்கிப் போட்டு எடுப்பது ஓட்டெல்லாம் விழுந்து பெட்டி மூடிய பிறகு.

குடம் மூடிய பிறகு குலுக்கினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஓடையில் சங்கடம் என்னவென்றால், குடம் மூடுவதே இல்லை. ஓர் ஓலை போடு, பதில் சொல், இன்னோர் ஓலை போடு, பதில் சொல் என்று போகிறது. போன பதிலைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஓலை எழுதப்படுகிறது. ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே முடிவை அறிவித்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்?

நாணயமே சுண்டாத அல்காரிதத்துக்கு இந்தப் பயம் இல்லை. ஒளிக்க எதுவும் இல்லாதவரிடம் துப்பறிய என்ன இருக்கிறது? கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த ஜெயதேவ் மிஸ்ராவும் டேவிட் கிரிஸும் 1982-இல் தந்த வழி அப்படிப்பட்டது. மண்டிச் சுவரில் ஒன்பது கட்டம் போடுங்கள். மூடை வந்ததும் அவர் பெயர் கட்டத்தில் இருந்தால் ஒரு கோடு கூட்டுங்கள். இல்லையென்றால் காலிக் கட்டத்தில் எழுதுங்கள். காலிக் கட்டமும் இல்லையா, ஒன்பது பேருக்கும் ஆளுக்கு ஒரு கோடு அழித்துவிடுங்கள், வந்தவரை எழுத வேண்டாம். கோடெல்லாம் போன பெயரையும் அழித்துவிடலாம். சாயங்காலம், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கொண்டுவந்தவர் எவரானாலும் சுவரில் கட்டாயம் இருப்பார். வியாபாரி சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் இது மாறாது. மொத்த ஆராய்ச்சியும் இவ்வளவு லேசாக முடிந்துவிட்டால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மலையேறுகிறவர்களை எண்ணுவதற்கும், வர்க்கக் கூட்டலுக்கும் நாணயம் இல்லாமல் சிறிய சீட்டில் வழி கிடையாது. அந்த 1996 கட்டுரையே இதையும் நிரூபித்துவிட்டது.

நாணயமும் வேண்டும், பதிலும் சொல்ல வேண்டும், இரகசியமும் கசியக் கூடாது. 2020-இல் அந்த நால்வர் சொன்ன உபாயத்தைக் கேட்டதும் எனக்கு எங்கள் கடைக் கணக்குப்பிள்ளை ஞாபகத்துக்கு வந்தார். "எத்தனை மூடை வந்திருக்கு?" என்று கேட்டால் அவர் வாயிலிருந்து ஒரு நாளும் 137 என்று வராது. "நூறு தாண்டிருச்சு." இன்னும் ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டாலும் "நூறு தாண்டிருச்சு." கேட்கிறவருக்கு எரிச்சல் வரும். ஆனால் அடுத்த மூடை அவர் கணக்கை மாற்றியதா இல்லையா என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது.

எண்ணிக்கை ஏறிக்கொண்டே மட்டும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீதம் ஏறும்போது மட்டும் பலகையை மாற்றினால் போதும் என்றால், 1-இலிருந்து ஒரு கோடி வரை போவதற்குள் பலகை எத்தனை தடவை மாறும்? ஒன்றை 1.1-ஆல் பெருக்கிக்கொண்டே போங்கள். 170 தடவையில் கோடி வந்துவிடும். ஒரு கோடி மூடைக்கு 170 வாய்ச்சொல். ஆகவே 170 ஸ்கெட்சுகளை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாணயங்களோடு, முதலிலிருந்தே பக்கத்தில் பக்கத்தில் ஓட விடுங்கள். எல்லாம் சரக்கைப் பார்க்கும், ஒன்று மட்டும் பேசும். பலகையில் இருப்பது பழசாகிவிட்டது என்று முதல் ஸ்கெட்ச் சொன்னதும் புது எண்ணை எழுதிவிட்டு அதற்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். அதன் இரகசியம் செலவாகிவிட்டது. இனி வேலை இரண்டாவதுடையது. அது இதுவரை வாயே திறக்காததால் அதன் நாணயங்களைப் பற்றி எதிராளிக்கு ஒன்றும் தெரியாது. இவ்வளவு நேரம் அவர் சேர்த்த துப்பெல்லாம் வேலையை விட்டுப் போன ஆளைப் பற்றியது.

12 கிலோபைட் வீதம் 170 சீட்டு என்றால் இரண்டு மெகாபைட். செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் அளவு. தரவுத்தளக் கோட்பாட்டு மாநாடான பாட்ஸில் அந்த வருடத்தின் சிறந்த கட்டுரையாக அந்த நால்வரின் கட்டுரையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

அதே 2020-இல் இன்னொரு குழு 170-ஐயும் குறைத்தது. அந்தக் குழுவில் ஒரு பெயர் யோசி மட்டியாஸ். 1996 தராசைக் கட்டியவர்களில் ஒருவர், 24 வருடம் கழித்து அதற்கு வேலி போட வந்திருந்தார். அவர்கள் கடன் வாங்கியது அந்தரங்கக் காப்புத் துறையிலிருந்து. ஒரு கூட்டத்தில் உள்ள எந்தத் தனி ஆளின் விவரமும் தெரியாமல் மொத்தப் புள்ளிவிவரத்தை மட்டும் வெளியிட, கொஞ்சம் இரைச்சல் கலந்து சொல்லும் முறை 2006-இலிருந்து இருக்கிறது. இங்கே அந்தரங்கம் காக்க வேண்டிய 'ஆள்' ஒவ்வொரு ஸ்கெட்சும்தான். ஒன்றைப் பேசவிட்டு வேலையை விட்டு அனுப்பாமல், எல்லாரையும் கேட்டு, நடு விடையை எடுத்து, சற்றுக் கலக்கிச் சொன்னால் எவர் என்ன சொன்னார் என்று வெளியே தெரியாது. ஊர்க் கூட்டத்தில் பெரியவர்கள் தனியாகப் பேசி முடித்து, ஒருவர் வெளியே வந்து முடிவை மட்டும் சொல்வதுபோல. இந்த வழியில் தேவையான சீட்டுகள் பதில்களின் எண்ணிக்கைக்குச் சதுர மூல விகிதத்தில்தான் வளரும். 170-க்குச் சதுர மூலம் 13. நடைமுறையில் மற்ற பெருக்கல்கள் சேர்ந்து இவ்வளவு அழகாக வராது என்றாலும், பதில்கள் லட்சக்கணக்கில் போகும்போது வித்தியாசம் தெரியும்.

பெரியப்பாவுக்கு இதிலெல்லாம் பயன் இருந்திருக்குமா? அவர் செய்தது எண்ணிக்கை இல்லை, மாதிரி எடுப்பது. அதைப் பற்றியும் பென்-எலியேசரும் யோகேவும் 2020-இல் தனியாக எழுதினார்கள், அதில் வரும் எதிராளி எங்கள் வியாபாரியேதான். அவர் ஆட்டம் இப்படி. 8-க்கும் 20-க்கும் நடுவில் 14 ஈரமுள்ள மூடையை இறக்குகிறார். குத்துப்பட்டால் அடுத்தது 14-க்கு மேல். படாவிட்டால் 14-க்குக் கீழ். குத்துப்பட்டதற்கு மேலேயும் படாததற்குக் கீழேயும் உள்ள இடைவெளிக்குள்ளேயே அடுத்தடுத்த மூடையை வைத்துக்கொண்டு போகிறார். கடைசியில் குத்துப்பட்ட மூடை ஒவ்வொன்றும் படாத மூடை ஒவ்வொன்றையும்விடக் காய்ந்தது! உண்மையிலேயே நாணயம் சுண்டி மூடையைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இதுதான் நடக்கும். மாதிரி என்பது மொத்தத்தின் முகம் என்று பாடப்புத்தகத்தில் படித்ததெல்லாம் இங்கே செல்லாது.

இந்த ஆட்டத்துக்கு ஒரே ஒரு பலவீனம். இடைவெளி குறுகிக்கொண்டே போகும்: 13.9, பிறகு 13.95, பிறகு 13.953. இவ்வளவு நுணுக்கமாக ஈரத்தை வகுக்க மக்காச்சோளத்தால் முடியாது. மீட்டர் ஒரு தசமம் வரைதான் காட்டும் என்றால், 8-க்கும் 20-க்கும் நடுவில் 120 படிதான். எதிராளிக்குச் சீக்கிரமே ஆட இடம் தீர்ந்துவிடும். கட்டுரை நிரூபிப்பதும் ஏறக்குறைய இதைத்தான்: வகைகள் எண்ணிக்கையில் அடங்கியவை என்றால் மாதிரியைக் கொஞ்சம் பெரிதாக்கினால் போதும், அந்தக் 'கொஞ்சம்' வகைகளின் எண்ணிக்கைக்கு லாகரிதம் அளவுதான். ஏழெட்டுக்குப் பதில் நாற்பது ஐம்பதில் குத்தியிருந்தால் அந்த வியாபாரியின் கண் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் பூசணம் பிடிபட்டிருக்கும். பெரியப்பா கடிப்பதை விட்டுவிட்டு மீட்டரை நம்பியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. அவர் பல்லுக்கு நுணுக்கம் அதிகம்.

இதுவரை சொன்னதெல்லாம் சரக்கு வந்துகொண்டே மட்டும் இருக்கும் ஓடைக்கு. போட்டதை எடுக்கவும் செய்யலாம் என்று ஆக்கிவிட்டால் கதை மாறிவிடுகிறது. எண்ணிக்கை ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். பலகையை 170 தடவைதான் மாற்றுவேன் என்ற கணக்குப்பிள்ளையின் வைராக்கியம் அங்கே நிற்காது. எதிராளி வேண்டுமென்றே ஏற்றி இறக்கி, எல்லா ஸ்கெட்சையும் ஒவ்வொன்றாகப் பேச வைத்துத் தீர்த்துவிடுவார். 2013-இலேயே மோரிட்ஸ் ஹார்டும் வுட்ரஃபும், தராசு போன்ற நேரியல் ஸ்கெட்ச் எதையும் போதுமான கேள்விகளால் உடைக்கலாம் என்று காட்டியிருந்தார்கள். 2021-இல் வந்த இன்னொரு முடிவு, பதிலைப் பார்க்காத எதிராளிக்கு எதிராகச் சின்னச் சீட்டே போதுமான ஒரு கணக்குக்கு, பார்த்து ஆடுகிறவர் வந்தால் மிகப் பெரிய நோட்டே வேண்டும் என்று நிறுவியது. ஏறி இறங்கும் ஓடைக்கு இரண்டு மெகாபைட் தீர்வுபோல எளிதான ஒன்று இன்னும் கைக்கு வரவில்லை.

கடையில் அதையும் பார்த்திருக்கிறேன். மத்தியானம் விலை சொன்னதும் பிடிக்காமல் இரண்டு பேர் மூடையைத் திரும்ப வண்டியில் ஏற்றுவார்கள். பக்கத்துக் கடையில் கேட்டுவிட்டு, அங்கே இன்னும் குறைவு என்று தெரிந்து, நாலு மணிக்கு அதே வண்டி திரும்ப வந்து நிற்கும். அதற்குள் நாலு மூடை குறைந்திருக்கும், மூன்று புதிதாகச் சேர்ந்திருக்கும். கணக்குப்பிள்ளை பேனாவை மூடிக் காதில் செருகிக்கொள்வார். "எத்தனை மூடை?" என்று யாராவது கேட்டால் வாசல் பக்கம் கையைக் காட்டுவார். போய் எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.